பதின்மூன்று நிமிடப் பாட்டு

தென்காசி
12-6-1986

தாணுமாலயனுக்கு அய்யாத்துரை எழுதுவது.

பதினாலு மாதமாக உனக்கு எழுதக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். குற்றாலம் பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்க என்னை அறைந்துவிட்டுக் கப்பலுக்குப் போனவன் நீ. அறைந்ததுகூடப் பெரிதில்லை. எட்டு வருஷம் நம் மெல்லிசைக் குழுவில் உன் கிடாருக்குப் பக்கத்திலேயே வாசித்த என் பாங்கோஸ் மேளத்தைத் தூக்கி ரோட்டில் உருட்டிவிட்டாயே, அதைத்தான் மறக்க முடியவில்லை. உன் தங்கைக்கு நான் கடுதாசி எழுதினது தப்பு. அதில் அவள் பெயரை எழுதினது அதைவிடத் தப்பு. அது உங்கள் அப்பா கையில் சிக்கினது எல்லாவற்றையும்விடத் தப்பு. ஒத்துக்கொள்கிறேன், போதுமா?

போன வெள்ளிக்கிழமை நேரே உங்கள் வீட்டுக்குப் போய்விட்டேன். "ஏட்டையா, உங்க மகளை எனக்குத் தாங்க" என்று கேட்டேவிட்டேன். அவர் என்னை ஸ்டேஷனில் நிறுத்தி வைத்துப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு சொன்னார்: "ஏலே, கடை வச்சுப் பொழைக்குதே, குடிக்க மாட்டே, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா உன்னை அடிச்சவன் என் மூத்தவன். அவன் சரின்னு சொல்லட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன். அவன் சொல்லாம நான் ஒரு எட்டு எடுத்து வைக்கதுக்கில்ல."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. அவள் கதவுக்குப் பின்னால்தான் நின்றாள் என்று சத்தியம் பண்ணுவேன்.

வீரகேரளம்புதூரில் இருந்து ஒரு போலீஸ்கார மாப்பிள்ளைக்குக் கேட்டு வந்திருக்கிறார்கள். சுந்தரபாண்டியன் என்று பெயர். நல்ல குடும்பம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆவணியில் முடிக்கணும் என்று அவர்கள் அவசரப்படுகிறார்கள். ஆடி முடிகிற வரைக்கும் உன் பதிலுக்காகப் பொறுப்பதாக ஏட்டையா சொல்லியிருக்கிறார்.

சன்னதித் தெருவில் ரிக்கார்டிங் கடை போட்டிருக்கிறேன். ஆட்கள் பாட்டு லிஸ்ட் கொண்டுவருவார்கள், நான் காலி கேசட்டில் பதிந்து கொடுப்பேன். சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்துக்கு வருகிற காலேஜ் பையன்கள் எல்லாம் இங்கிலீஷ் பாட்டு, அதிரடிப் பாட்டு என்று கேட்கிறார்கள். ஏட்டையா தந்த உன் விலாசத்தில் ஹாம்பர்க் என்று இருக்கிறது, அங்கே அப்படி ஏதாவது இருந்தால் அனுப்பு.

அது கிடக்கட்டும். ஒரு வார்த்தை போதும் தாணு. இல்லை என்றால் இல்லை என்றே சொல்லிவிடு, நான் செத்துவிட மாட்டேன். பதில் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே லே.

அய்யாத்துரை

*

ஹாம்பர்க்
3-7-1986

அன்புள்ள அய்யாத்துரை,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கை சிவக்க அறைந்தவன் நான்தான். அந்தக் கை இப்போது ஒரு பாட்டு மண்டபத்தில் தரை துடைக்கிறது. கப்பலில் இருந்து சொல்லாமல் இறங்கிவிட்டேன். பாஸ்போர்ட் கப்பல்காரன் கையில் இருக்கிறது. இன்றைக்கு ஊருக்கு வா என்று யார் கூப்பிட்டாலும் என்னால் வர முடியாது.

இந்த மண்டபத்தில் ஸ்டூர்ம்கிளாக்கெ என்று ஒரு கூட்டம் பகலில் பாடிப் பழகுகிறது. புயல் வந்தால் அடிக்கிற மணி என்று அர்த்தமாம். பன்னிரண்டு வருஷமாகப் பாடுகிறார்கள், தலைவனுக்குத் தாடி நரைத்துவிட்டது. டிரம்ஸ்காரன் இரண்டு காலாலும் அடிக்கிறான். கோயில் கொடையில் சாமி வருகிற நேரம் மேளத்தைக் கூட்டுவார்களே, இவன் தொடங்குவதே அங்கே இருந்துதான். கிடார் இரண்டு. இரண்டும் சேர்ந்து ஒரே ராகத்தை வேறு வேறு சுரத்தில் பிடித்துக்கொண்டு ஓடும். அதற்கு மேலே அந்தத் தாடிக்காரன் குரலை எடுப்பான். தொண்டை கிழிந்துவிடும் என்று நான் துடைப்பத்தை வைத்துவிட்டு நின்றுவிடுவேன்.

அவர்களுடைய நல்ல பாட்டாகப் பார்த்து அஞ்சு பதிந்திருக்கிறேன். முதல் பக்கம் நாலு: இரும்புப் பருந்து, வடக்குக் கடல், ராஜா இல்லாத கோட்டை, சாம்பல் குதிரை. நான்கும் உன் காலேஜ் பையன்களுக்கு. இரண்டாம் பக்கம் ஒரே பாட்டு, பதின்மூன்று நிமிடம். ஒரு கொல்லன் ஊருக்கு இரும்புவாசல் செய்து நிறுத்துகிறான். வேலை முடிந்து பார்த்தால் வாசலுக்கு வெளியே நிற்கிறான், உள்ளே இருந்து பூட்டிவிட்டார்கள். முதல் மூன்று நிமிடம் டிரம்ஸே கிடையாது. அவர்கள் பாடினதிலேயே அதுதான் உசத்தி. அது உனக்கு.

நீ கேட்ட விஷயம். அதைக் காகிதத்தில் எழுத மாட்டேன். வீட்டுப் பெண் காரியம் காகிதத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று நாம் இரண்டு பேரும் பார்த்துவிட்டோம். கேசட்டை இரண்டு பக்கமும் முழுசாகக் கேள். யாரும் மேலே பதிந்துவிடாதபடி அதன் முதுகில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்து அனுப்புகிறேன். கப்பலில் என்னோடு இருந்த இசக்கி தூத்துக்குடியில் இறங்கி உன் கையிலேயே கொடுப்பான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தாணு

*

தென்காசி
22-8-1986

தாணு,

உன் கேசட் ஆடிப்பெருக்கு அன்று வந்தது. அதற்கு முன்னாலேயே கடிதம் வந்துவிட்டது. நான் உன் தங்கையைக் கேட்டேன். நீ டிரம்ஸ்காரன் காலைப் பற்றி எழுதியிருக்கிறாய். வெட்கமாக இல்லையா உனக்கு?

காகிதத்தில் எழுத மாட்டாயாம். நான் காகிதத்தில் எழுதி அறை வாங்கினவன் அல்லவா, சொல்லிக் காட்டுகிறாய். பூட்டின வாசலுக்கு வெளியே நிற்கிறவன் பாட்டு எனக்காம். புரிந்ததப்பா. நன்றாகவே புரிந்தது. இவ்வளவு சுற்றி வளைத்திருக்க வேண்டாம்.

பாட்டைப் பற்றி நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், என் தொழில் அது. இரும்புப் பருந்து முதல் தரம். கடை வாசலில் ஸ்பீக்கரில் போட்டதும் பழைய குற்றாலத்துக்குப் போகிற பஸ்சில் இருந்து பையன்கள் இறங்கி ஓடி வந்தார்கள். சாம்பல் குதிரையில் அந்த இரண்டு கிடாரும் சேருகிற இடத்தில் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. மற்ற இரண்டும் மோசமில்லை. நாலையும் சேர்த்து ஒரு கேசட்டாகப் பதிந்து கொடுக்கிறேன். கை ஒழியவில்லை. ஒரு கேசட்டில் இருந்து இன்னொன்றுக்குப் பதிகிற இரட்டை டெக்கில் வேகமாக ஓடவிட்டால் பாட்டு கீச்சுக் கீச்சென்று ஓடிப் பாதி நேரத்தில் முடிந்துவிடும். உன் பதின்மூன்று நிமிடத்தை யார் கேட்பான்? ஒப்பாரி மாதிரித் தொடங்குகிறது. ஒரு நிமிடத்தில் அமுக்கி நிறுத்திவிட்டேன்.

ஆடி கடைசி நாள் உங்கள் வீட்டுக்குப் போனேன். "மூத்தவன் ஒண்ணும் சொல்லல, ஏட்டையா" என்றேன். "சொல்லலேன்னா சரி, நீ மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதே" என்றார். உள்ளே வளையல் சத்தம் கேட்கவில்லை.

ஆவணி இருபத்தைந்தில் கல்யாணம். மேளக்கச்சேரியையும் தாலிகட்டையும் கேசட்டில் பதிந்து தரணும் என்று மாப்பிள்ளை வீட்டில் ஆசைப்படுகிறார்களாம். தென்காசியில் அதற்கு நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். உங்கள் அப்பாவே வந்து கூச்சப்பட்டுக்கொண்டு கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

இனி எனக்கு எழுதாதே.

அய்யாத்துரை

*

ஹாம்பர்க்
15-9-1986

ஏலே அய்யாத்துரை,

கல்யாணம் முடிந்து அஞ்சாம் நாள் உன் கடிதமும் அப்பா அனுப்பின பத்திரிகையும் சேர்ந்து வந்தன. பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைப் படித்துவிட்டு உன் கடிதத்தைப் பிரித்தேன். ஒன்றுமே விளங்கவில்லை. மூத்தவன் ஒன்றும் சொல்லவில்லை என்றாயா? யாரிடம் போய் அப்படிச் சொன்னாய்?

அந்தக் கொல்லன் பாட்டு முடிந்ததும் என் குரல் இருக்கிறதே லே! பாட்டு பதின்மூன்று நிமிடம், அதற்குப் பிறகு எட்டு நிமிடம் நான் பேசியிருக்கிறேனே! முதலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அப்பாவிடம் பேசினேன். அப்பாவை உனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் போலீஸ். "கையெழுத்தை எவனும் போட்டுருவான்" என்று என் பள்ளிக்கூட மார்க்கையே நேரில் போய் விசாரித்தவர். நான் காகிதத்தில் சரி என்று எழுதினால் நீயே எழுதிக்கொண்டாய் என்று சொல்லுவார். குரலைக் கேட்டால் நம்பாமல் முடியுமா? அதனால்தான் பேசி அனுப்பினேன்.

மண்டபத்துக்குப் பின்னால் நாற்காலி அடுக்குகிற அறையில் உட்கார்ந்து பேசினேன். பாதியில் அழுதுவிட்டேன். அதை வெட்கப்பட்டு அழித்துவிட்டு மறுபடி பேசினேன். மறுபடியும் அழுதேன். சரி, இருக்கட்டும், அய்யாத்துரைதானே கேட்கப் போகிறான் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன் என்று நீ எழுதியிருப்பதை நான் நம்பவில்லை, முழுசாகக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று இருந்துவிட்டாயா? அறைந்ததற்குப் பழி வாங்கினாயா? அப்படித்தான் என்றால் நேரடியாகச் சொல். என் தங்கையை உனக்குத் தருகிறேன் என்று சொன்ன பிறகு, அவள் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவனை நான் என்னவென்று நினைப்பது?

தாணு

*

தென்காசி
1-10-1986

தாணு,

நான் கேட்கவில்லை.

இதற்குமேல் எழுத நாலு நாளாக முயற்சி பண்ணுகிறேன். கடையைத் திறக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று பக்கத்துக் கடையில் சொல்லிவைத்திருக்கிறேன்.

நான் கேட்கவில்லை லே. எட்டு வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து, நீ ஒரு சுரம் பிசகினால் கண்ணைத் தூக்கிப் பார்த்தவன் நான். கடை போட்ட பிறகு எந்தப் பாட்டையும் முழுசாகக் கேட்டதில்லை. பல்லவி வந்ததும் இது ஓடும், இது ஓடாது என்று தள்ளிவிடுவேன். உன் பாட்டையும் தள்ளிவிட்டேன். உன் மேல் கோபம் வேறு. அந்த ஒப்பாரியைக் கேட்டதும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய் என்று நினைத்தேன்.

இன்னும் இருக்கிறது. எப்படியும் உனக்குத் தெரிந்துவிடும், நானே சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் கடையில் கேசட்டைத் தேடினேன். எல்லாம் மட்டமான டேப். மூன்று மாதத்தில் இரைச்சல் வந்துவிடும். அவளுக்கு அப்படி ஒன்றைக் கொடுக்க மனசு வரவில்லை. கடையில் இருந்ததிலேயே நல்ல டேப் உன்னுடையதுதான், ஜெர்மன் டேப். நாலு பாட்டையும் காப்பி எடுத்துவிட்டேனே, இனி எதற்கு என்று, நீ உடைத்த பல் இருந்த ஓட்டைகளில் செலோடேப்பை ஒட்டினேன். அப்படி ஒட்டினால் மறுபடி பதியலாம். முதல் பக்கம் மேளக்கச்சேரி. இரண்டாம் பக்கம் மாங்கல்யதாரணம், கெட்டிமேளம், பெண்கள் பாடின பாட்டு. மணவறைக்கு இரண்டு அடி தள்ளி நின்று நானே பதிந்தேன். உன் சம்மதத்தின் மேலேயே அவள் தாலியைப் பதிந்திருக்கிறேன். என் கையால் தாணு, இந்தக் கையால்.

உன் அப்பாவிடம் போய்ச் சொல்லலாமா என்று கிளம்பினேன். தெரு முக்கு வரை போய்த் திரும்பிவிட்டேன். சொல்லி என்ன ஆகப் போகிறது?

என்னை நீ எப்படி வேண்டுமானாலும் வைது எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

அய்யாத்துரை

*

ஹாம்பர்க்
24-10-1986

அய்யாத்துரை,

வைய வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை.

பாதித் தப்பு என்னுடையது. குரலை முதலிலேயே வைத்திருக்கலாம். கடையில் யார் இருக்கும்போது போடுவாயோ, தங்கை பெயர் நாலு பேர் காதில் விழுமோ என்று பயந்து, பதின்மூன்று நிமிடத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மற்றவன் எவனும் அவ்வளவு தூரம் வர மாட்டான், நீ வருவாய் என்று கணக்குப் போட்டேன். நீ இப்போது எப்படிக் கேட்கிறாய் என்று எனக்கு என்ன தெரியும்? நான் விட்டுவிட்டு வந்தது பழைய அய்யாத்துரையை.

இப்போது கவனமாகப் படி. அது அரை மணி நேரப் பக்கம். என் குரல் பதின்மூன்றாவது நிமிடத்தில் தொடங்கி இருபத்தொன்றில் முடியும். தாலிகட்டைப் பதிந்தபோது இரண்டாம் பக்கத்தை எங்கே நிறுத்தினாய்? கடைசி வரை பதிந்தாயா? இல்லை, பெண்கள் பாட்டு முடிந்ததும் அமுக்கிவிட்டாயா? அமுக்கியிருந்தால் அதற்குப் பிறகு உள்ளது அப்படியே இருக்கும். நான் கடைசியாகத்தான் அவள் பெயரையும் உன் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

அந்தக் கேசட் ஒரு போலீஸ்காரன் வீட்டில் இருக்கிறது. கல்யாணக் கேசட், வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார்கள். என்றைக்காவது ஒருநாள் நிறுத்த மறப்பார்கள். பிறகு அவள் கதி என்ன? உன்னையும் அவளையும் சேர்த்து என்னவெல்லாம் கேட்பார்கள்?

அதை எப்படியாவது வாங்கிவிடு. இதை மட்டும் செய்.

தாணு

*

தென்காசி
19-1-1987

அன்புள்ள தாணு,

உன் கடிதம் வந்து இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம், சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு தடவை வீரகேரளம்புதூர் வரை போனேன். என்ன சொல்லி அந்த வீட்டுப் படி ஏறுவது? பஸ் ஸ்டாப்பில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். எங்கே நிறுத்தினேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு எனக்குக் கண்ணே சரியாகத் தெரியவில்லை.

தலைப்பொங்கலுக்கு இரண்டு பேரும் தென்காசி வந்தார்கள். கரிநாள் அன்று காலையில் கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன், அவளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். அவள் கையில் அந்தக் கேசட். டேப் வெளியே வந்து சுருண்டு தொங்குகிறது. "அண்ணாச்சி, கல்யாணக் கேசட்டு சிக்கிக்கிட்டு. சரி பண்ணித் தரணும், ஒங்க கைப்பதிவுதான" என்றார் மாப்பிள்ளை. நல்ல மாதிரியான ஆள், தாணு. அதையும் உனக்குச் சொல்ல வேண்டும். சவரத்துக்கு எதிர் சலூனுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அவளைக் கடையில் உட்கார வைத்துவிட்டுப் போனார். இங்கிருந்து பார்த்தால் நாற்காலியில் அவர் முதுகு தெரியும்.

நான் கேசட்டின் ஓட்டையில் பென்சிலை நுழைத்து டேப்பைச் சுற்றத் தொடங்கினேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அது சிக்கல. நாந்தான் இழுத்து விட்டேன்."

மார்கழியில் ஒருநாள் கேசட்டை ஓடவிட்டுவிட்டு எல்லோரும் வயலுக்குப் போயிருக்கிறார்கள். இவள் அடுக்களையில் இருந்திருக்கிறாள். பாட்டு முடிந்து உன் குரல் வந்திருக்கிறது. கரண்டியோடு ஓடி வந்து நின்று கேட்டாளாம்.

"அண்ணன் மனசு எறங்கலன்னு இத்தனை நாளும் அவனை வைஞ்சுக்கிட்டே கெடந்தேன். கல்யாணம் ஆன பெறகு ஒரு கடுதாசி போடல அவனுக்கு. அப்பாட்டயும் சரியாப் பேசல." பிறகு என்னைப் பார்த்தாள். நான் அறை வாங்கின நாளுக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். "நீங்க முழுசாக் கேக்கவே இல்லையா?" என்றாள்.

பென்சிலைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். டேப் மறுபடி முறுக்கிக்கொண்டது.

"எங்க வீட்டு அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. அதை அழிச்சிருங்க" என்றாள்.

காதில் மாட்டுகிற ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு இடத்தைத் தேடினேன். பெண்கள் பாட்டு பாதி வரியில் அறுந்தது. அறுந்த இடத்தில் நீ இருந்தாய். நாலு நிமிடம் மிச்சம். "அப்பா, அன்னைக்குக் கோவத்துல அடிச்சுட்டேன். அவனைப் போல ஒருத்தன் நம்ம பிள்ளைக்குக் கெடைக்க மாட்டான். முத்துவடிவை அய்யாத்துரைக்கே குடுங்க. நான் என் வாயால சொல்லுதேன்" என்றாய். அப்புறம் அவளிடம் பேசினாய். கல்யாணத்துக்கு வர முடியாது, அய்யாத்துரையைப் பாட்டுக் கச்சேரி வைக்கச் சொல்லு என்றாய். சிரித்தாய். சிரிப்பில்தான் அழுதாய்.

கடைக்குள் நானும் அழுதேன், லே. அவள் அழவில்லை. சலூனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிடட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றாள்.

மைக்கைக் கழற்றிவிட்டுப் பதிவுப் பொத்தானை அமுக்கினேன். அழிப்பதற்குக் கீச்சுக் கீச்சென்று ஓட்டுகிற வசதி கிடையாது. நாலு நிமிடம் பேசினால் நாலு நிமிடம் அழிக்க வேண்டும். மீட்டரில் முள் அசையாமல் கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நானும் அவளும் தனியாக இருந்த நேரம் இந்தப் பிறவியில் அவ்வளவுதான். எதிரே அவருக்குச் சோப்பு நுரையைத் துடைத்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை வந்ததும் கெட்டிமேளத்தைப் போட்டுக் காட்டினேன். "என்ன டேப்பு அண்ணாச்சி இது, மேளம் நேர்ல கேக்க மாதிரில்லா இருக்கு!" என்று முதுகில் தட்டினார். வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார். வருகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

படி இறங்கும்போது அவர் செருப்பை மாட்டுகிற நேரம் பார்த்து அவள் திரும்பினாள். "அண்ணனுக்கு நீங்க எழுதுவியள்லா? நான் சந்தோசமா இருக்கேன்னு எழுதுங்க. வேற ஒண்ணும் எழுதாண்டாம்" என்றாள்.

வேறு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இதைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடைசி வரியை மட்டும் வைத்துக்கொள்.

உன் தங்கை சந்தோஷமாக இருக்கிறாள்.

அய்யாத்துரை